அச்சோவியத்தின் அடிவரி: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண் கலைஞர்

தூரிகையால் தீட்டிய ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அது அரண்மனைச் சுவரிலோ செல்வர் கூடத்திலோ தங்கிவிடும். அச்சோவியமோ ஒரு மரக்கட்டையிலிருந்து, ஒரு செப்புத் தகட்டிலிருந்து, ஒரு கல்லிலிருந்து நூறாகவும் ஆயிரமாகவும் பெருகித் தெருவுக்கு வருவது. 19ஆம் நூற்றாண்டு இப்பெருக்கத்தின் நூற்றாண்டு. 1796ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானியரான அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறை சில பத்தாண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது. 1894இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவிய பின்னர், இலக்குமியும் சரசுவதியும் வண்ணக் கல்லச்சுப் படங்களாகி எளிய வீடுகளின் பூசை மாடங்களிலும் குடியேறினர். மான்செஸ்டரிலிருந்து வந்திறங்கிய துணிக்கட்டுகளின்மேல் ஒட்டப்பட்ட வண்ணச் சீட்டுகளில்கூடத் தெய்வ மகளிரும் ஆடல் மகளிரும் சிரித்தனர்.

இப்பெருக்கத்தில் பெண் எங்கும் இருந்தாள். ஆனால் பார்க்கப்படும் பொருளாகவே இருந்தாள். அவள் வரைபவளாக, செதுக்குபவளாக, கல்லின்மேல் குனிந்து உழைப்பவளாக இருந்ததில்லையா? இருந்தாள் எனில், அவ்வாறு அவளைக் காட்டும் உருவப்படம் எங்கே? நூலும் துணியும் அச்சும் அன்றாட வாழ்வாகிவிட்ட திருப்பூரில், பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்து அன்பர்கள்முன் இவ்வினாவை வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்திரலேகையும் மங்களாபாயும்

நம் நாட்டில் ஓவியப் பெண்ணின் படம் அறவே இல்லாமல் இல்லை. பாணாசுரன் மகள் உஷை கனவில் ஓர் ஆடவனைக் கண்டு மயங்குகிறாள். அவன் யாரென அவளுக்குத் தெரியவில்லை. தோழி சித்திரலேகை அரச குமாரர்களை ஒவ்வொருவராக வரைந்து காட்டுகிறாள். அநிருத்தனின் உருவம் வந்ததும் உஷை நாணித் தலை குனிகிறாள். பாகவதம் கூறும் இக்கதையை 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் விரும்பினர், இரவிவர்மாவும் தீட்டினார். படம் வரையும் பெண் படத்திற்குள் வருவதற்கு இக்கதை இடங்கொடுத்தது.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திரலேகையின் கலை அங்கே தூதுத் தொழில் செய்கிறது. அவள் வரைவது தோழியின் காதலுக்காக. படத்தைப் பார்ப்பவர் கண்ணும் உஷையின் நாணத்திலேயே நிலைக்கிறது. வரைந்த கை கதையை நகர்த்திவிட்டு ஒதுங்கிவிடுகிறது.

கிளிமானூரில் இரவிவர்மாவின் வீட்டிலேயே ஓர் ஓவியப் பெண் இருந்தார். அவர் தங்கை மங்களாபாய் தம்புராட்டி. தம்பி இராஜராஜவர்மா அண்ணனுக்குத் துணையாக நாடெங்கும் பயணம் செய்தார். அண்ணனின் படங்களில் உடன் உழைத்தார். மங்களாபாயும் தேர்ந்த ஓவியரே. தமையனின் உருவத்தைத் தீட்டியவர் அவர். இந்தியப் பெண்ணின் முகத்தை இல்லந்தோறும் கொண்டுசேர்த்த கலைஞரின் முகத்தை வரைந்தவர் ஒரு பெண் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இருந்தும் ஓவியப் பெண் என்றதும் மக்கள் நினைவுக்கு வருவது புராணத்துச் சித்திரலேகைதான். கிளிமானூரின் மங்களாபாய் அல்லர்.

படத்தில் உண்டு, பட்டறையில் இல்லை

கடல் கடந்து சப்பானுக்குச் செல்வோமாயின் இம்முரண் இன்னும் கூர்மை பெறுகிறது. 1857இல் குனிசடா என்னும் புகழ்பெற்ற ஓவியர் மூன்று தாள்களை இணைத்து ஓர் அச்சோவியம் வெளியிட்டார். மரக்கட்டை அச்சுப் பட்டறையின் காட்சி அது. ஒருத்தி உளியும் கொட்டாப்புளியுமாகக் கட்டையைச் செதுக்குகிறாள். ஒருத்தி கருவியைத் தீட்டுகிறாள். தாளுக்குப் பசைநீர் பூசும் வேலையும் அச்செடுக்கும் வேலையும் அங்கே நடக்கின்றன. தொழிலின் படிநிலைகள் அத்தனையும் துல்லியமாக வரையப்பட்டுள்ளன. தொழிலாளர் மட்டும் மெய்யல்லர். அக்காலத்து எடோ நகரின் செதுக்குப் பட்டறைகளில் உழைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆண்கள் இருக்க வேண்டிய இடத்தில் அழகிய பெண்களை அமர்த்திப் பார்ப்பது அந்நாட்டு அச்சோவியரின் ஒரு விளையாட்டு மரபு. அழகியர் படம் நன்றாக விற்கும் என்பதும் அதன் காரணங்களுள் ஒன்று.

அதே நகரில் மெய்யான ஓவியப் பெண் ஒருவர் வாழ்ந்தார். ஹொகுசாயின் மகள் ஓயி. தந்தையின் முதுமையில் அவருடன் தங்கி உழைத்தவர். 1847இல் பெண்களுக்கான அன்றாட வாழ்க்கைக் கையேடு ஒன்றுக்கு அவர் வரைந்த படங்கள் மரக்கட்டை அச்சில் வெளிவந்தன. அவரைக் காட்டும் படம் ஒன்றும் உண்டு. ஹொகுசாயின் மாணவர் ஒருவர் பின்னாளில் நினைவிலிருந்து வரைந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு தரையில் குனிந்து கிழவர் வரைகிறார். மகள் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தூரிகை தந்தையின் கையில் இருக்கிறது.

பாரிசிலும் இதே நிலைதான். அமெரிக்கப் பெண் ஓவியர் மேரி கஸாட்டும் டெகாவும் நண்பர்கள். செப்புத் தகட்டில் அமில அரிப்பு ஓவியம் செய்வதில் உடனுழைத்தவர்கள். 1879-80ஆம் ஆண்டுகளில் டெகா கஸாட்டை அச்சோவியமாக வடித்தார். கஸாட் நமக்கு முதுகு காட்டியவாறு லூவர் காட்சிக்கூடத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்தாண்டு கழித்து, 1890இல் பாரிசில் நடந்த சப்பானிய அச்சோவியக் கண்காட்சியால் தூண்டப்பெற்று, 1891இல் பத்து வண்ண அச்சோவியங்களை வெளியிட்டுப் புகழ்பெற்றவர் அவர். நண்பரின் படத்திலோ அவர் பார்வையாளர் மட்டுமே.

மெய்யாக உழைத்த பெண்கள் உழைக்கும் கோலத்தில் வரையப்படவில்லை. உழைக்கும் கோலத்தில் வரையப்பட்ட பெண்களோ அத்தொழிலுக்கு உரியவர்களாக இருந்ததில்லை. எனவே பெண் கலைஞரைப் படத்தில் தேடுவதை விட்டுப் படத்தின் அடிவிளிம்பில் தேட வேண்டியிருக்கிறது.

அடிவிளிம்பின் இலக்கணம்

பழைய அச்சோவியங்களின் கீழே நுண்ணெழுத்தில் சில சொற்கள் காணப்படும். இடப்பக்கம் வரைந்தவர் பெயர். வலப்பக்கம் செதுக்கியவர் பெயர் என்பது பெருவழக்கு. 'டெலினியாவிட்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'வரைந்தான்' என்றும் 'வரைந்தாள்' என்றும் பொருள். 'ஸ்கல்ப்சிட்' என்பதும் அப்படியே, செதுக்கினான் அல்லது செதுக்கினாள். அவ்வினைமுற்றுகளில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லை. பால் காட்டும் விகுதி கொண்ட தமிழில் இவ்வரியை எழுதியிருந்தால் எத்தனை இடங்களில் 'ஆள்' விகுதி வந்திருக்கும் என எண்ணிப் பார்ப்பது நம்போன்ற மொழித்துறையினர்க்கு இயல்பு.

இவ்வடிவரியில் ஒரு பெண்ணின் வாழ்வே எழுதப்பட்டிருப்பதற்கு எலிசபெத் கோல்டைச் சான்று காட்டலாம். 1804இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மணத்திற்கு முன்பு பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் வீட்டாசிரியை. 1829இல் ஜான் கோல்ட் என்பவரை மணந்தார். கணவர் இலண்டன் விலங்கியல் கழகத்தில் பறவைகளைப் பாடம் செய்து வைப்பவர். மறு ஆண்டு இமயமலைப் பறவைகளின் தோல் தொகுதியொன்று அவர் கைக்கு வந்தது. அவற்றை நூலாக்க விரும்பினார். எழுதுவதற்கு ஓர் அறிஞர் கிடைத்தார். கல்லில் வரைவதற்கு மனைவியைப் பணித்தார்.

கல்லச்சு எளிய வேலையன்று. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக் கல்லே இதற்குச் சிறந்தது. வழவழப்பாகத் தேய்த்த கல்லின்மேல் கொழுப்புச் சேர்ந்த கரிக்கோலால் வரைய வேண்டும். பின்னர்க் கருவேலம் பிசினும் மென்மையான அமிலமும் பூசிப் பதப்படுத்துவர். கல்லை நனைத்தால் வரையாத இடம் நீரை ஏற்கும். வரைந்த கோடு நீரைத் தள்ளி, மையை மட்டும் பற்றும். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே இக்கலையின் அடிப்படை. அச்சில் படம் இடவலம் மாறி விழுமாதலால், எல்லாவற்றையும் கண்ணாடி நிழல்போல் எதிர்ப்புறமாக நினைத்து வரைய வேண்டும். வரைபவரின் உள்ளங்கை தவறிப் பட்டாலும் அதன் எண்ணெய்ப் பசை கறையாகப் பதிந்துவிடும்.

இதனைக் கற்று, 80 தட்டுகளில் நூறு பறவைகளை எலிசபெத் வரைந்து முடித்தார். 1830களின் தொடக்கத்தில் வெளிவந்த அந்நூலின் தட்டுகளில், இயற்கையிலிருந்தும் கல்லின்மேலும் வரைந்தவர் 'இ. கோல்ட்' என்றே அடிவரி உண்டு. அவர் பெயர் தனித்து நின்றது. இமயமலைத் தேன்சிட்டு ஒன்றுக்கு 1831இல் அவர் நினைவாகவே அறிவியற் பெயர் இடப்பட்டது.

அடுத்துவந்த ஐரோப்பியப் பறவைகள் நூலில் அடிவரி மாறுகிறது. 'ஜே. மற்றும் இ. கோல்ட்' என்று கணவர் பெயர் முன்னே வந்தமர்ந்தது. கணவர் குறிப்பெடுத்து மாதிரி வரைந்தார் என்பது உண்மை. கல்லின்மேல் கைவைத்தவர் பெரும்பாலும் மனைவியே. டார்வினின் கடற்பயணப் பறவைகளுக்கான 50 தட்டுகளும், கலாபகோஸ் தீவுக் குருவிகள் உட்பட, எலிசபெத்தின் கைவண்ணம். அந்தப் பறவைப் பகுதி கணவர் பெயரால் வெளிவந்தது. 1838இல் மூத்த மகனை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு, மூன்று இளங்குழந்தைகளைத் தாயிடம் விட்டுவிட்டு, கணவருடன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். 1840இல் திரும்பினார். அடுத்த ஆண்டு எட்டாவது மகப்பேற்றின்பின் கண்ட காய்ச்சலில் இறந்தார். வயது 37. பதினோராண்டுக் காலத்தில் அவர் ஆக்கிய தட்டுகள் 600க்கும் மேல்.

இறந்தபின் அவர் உருவம் தீட்டப்பட்டது. கையில் ஓர் ஆஸ்திரேலியப் பறவையை ஏந்தி நிற்கிறார். கரிக்கோல் இல்லை, கல்லும் இல்லை. பறவையை அன்புடன் வளர்த்த ஒரு சீமாட்டி என்றே பார்ப்பவர் நினைப்பர். அவர் உழைத்த கோலம் அடிவரியில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

கல்கத்தாவும் கோவையும்

இந்திய மண்ணில் கல்லச்சின் தொடக்கத்திலும் ஒரு பெண் நிற்கிறார். 1822இல் கல்கத்தாவில் கல்லச்சைத் தொடங்கியோருள் பெல்நோஸ் என்னும் பிரெஞ்சு ஓவியர் ஒருவர். அவர் மனைவி சோபி சார்லட் பெல்நோஸும் ஓவியரே. வங்காளத்து மக்கள் வாழ்வை 24 தட்டுகளில் காட்டும் அவர் நூல் 1832ஐ ஒட்டி ஐரோப்பாவில் வெளிவந்தது. அரண்மனைகளையும் இடிந்த கோட்டைகளையும் விட்டுவிட்டு வீட்டு வாழ்வையும் குடிசையின் உட்புறத்தையும் அவர் வரைந்தார். ஆனால் அவர் வரைந்தவற்றைக் கல்லில் ஏற்றியவர் கோலின் என்னும் ஆடவர். எலிசபெத்துக்குக் கல் வாய்த்தது, முழுப் பெயர் வாய்க்கவில்லை. சோபிக்கு நூலின் முகப்பில் 'திருமதி பெல்நோஸ்' என்ற பெயர் வாய்த்தது, கல் வாய்க்கவில்லை.

நம் கோவைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாருமான இராபர்ட் ஒயிட் 1842 முதல் 1853 வரை அரசின் பருத்திப் பண்ணைகளுக்குப் பொறுப்பேற்றுக் கோவையில் இருந்தார். அமெரிக்கப் பருத்தியை இம்மண்ணில் விளைவிக்கும் முயற்சி அது. அதே காலத்தில் அவருடைய தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதிகள் கல்லச்சில் வெளிவந்துகொண்டிருந்தன. 1838 தொடங்கி 1853 வரை ஆறு தொகுதிகள், 2,101 தட்டுகள். வரைந்தவர்கள் இந்நாட்டுக் கலைஞர்களான ரங்கையாவும் கோவிந்துவும். ஒயிட் அவர்களை மறைக்கவில்லை. தட்டுகளில் அவர்கள் பெயர் உண்டு; ஓர் ஆர்க்கிட் வகைக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. அடிவரியில் யார் பெயர் இடம்பெறுவது என்பது வரைந்தவரின் திறத்தால் மட்டும் முடிவாவதன்று. அச்சகமும் நூலும் எவர் வசம் இருக்கின்றனவோ அவருடைய மனம் அதனை முடிவு செய்கிறது. அடிமைப்பட்ட நாட்டின் கலைஞர் இருவர் பெயரை ஓர் ஆங்கிலேய அரசின் அலுவலர் பொறிக்க முடிந்தது எனில், பெயர் பொறிப்பது அரிய செயலன்று என்பது விளங்கும். மனம் வைத்தால் போதும்.

மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள்

பெயர் பாதியாய் நின்றவர்களைக் கண்டோம். பெயரே நில்லாதவர்கள் இன்னும் பலர்.

நியூயார்க்கின் கரியர் அண்டு ஐவ்ஸ் அச்சகம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளுக்கெல்லாம் படம் விற்றது. அங்கே ஃபேனி பாமர் என்னும் பெண் கலைஞர் இருந்தார். இங்கிலாந்தில் 1812இல் பிறந்து, பிழைப்புத் தேடிக் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றவர். அந்நிறுவனத்திற்காக அவர் ஆக்கிய படங்கள் ஏறத்தாழ 200. அவர் பெயராவது இன்று தெரிகிறது. அதே அச்சகத்தில் கறுப்பு மையில் விழுந்த படங்களுக்குக் கையால் வண்ணம் பூசிய பெண்கள் நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். நடுவே மாதிரிப் படம் இருக்கும். ஒருத்தி நீலம் மட்டும் தொடுவாள், அடுத்தவள் பச்சை, அதற்கடுத்தவள் சிவப்பு. தாள் கைமாறிச் சென்று கடைசியில் முழுப் படமாகும். வானம் முழுவதும் ஒருத்தியின் கை. புல்வெளி முழுவதும் வேறொருத்தியின் கை. அடிவரியில் நிறுவனத்தின் பெயர்.

கல்கத்தாவின் காளிகாட் கோயிலருகே வாழ்ந்த படுவாக் குடும்பங்களிலும் இப்படித்தான். கோடிழுத்தவர் ஒருவர், வண்ணம் நிரப்பியவர் ஒருவர் என வேலை பகிரப்பட்டது. வண்ணம் அரைப்பதிலும் பூசுவதிலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பங்கு கொண்டனர். அப்படங்களைக் கடல் கடந்த காட்சியகங்கள் போற்றிக் காக்கின்றன. அப்பெண்களுக்குப் பெயர் இல்லை.

இம்மேசையை நாம் அறிவோம். நம் ஊர்ப் பிரிண்டிங் பட்டறைகளில் நீண்ட மேசைமேல் பனியன் துணியை விரித்து, வண்ணத்திற்கு ஒரு சட்டம் வைத்து அச்சிடுகிறார்கள். கல்லச்சில் வண்ணத்திற்கு ஒரு கல் என்று இருந்ததே, அதே முறை. பனியன் கம்பெனியில் ஒருவர் கை மட்டும் தைக்கிறார். ஒருவர் கழுத்துப்பட்டி மட்டும். அருகில் நின்று மடித்துக் கொடுப்பவர் கைமடி. பிசிர் வெட்டுபவர் ஒருவர். செக்கிங் பார்ப்பவர் ஒருவர். கடைசியில் துணியின் உட்கழுத்தில் ஒரு லேபிள் ஏறுகிறது. அதுதான் நம் காலத்து அடிவரி. அதில் அயல்நாட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும். இந்தியாவில் செய்தது என்ற குறிப்பு இருக்கும்.

வகுப்பில் மாணவியரிடம் தாயின் தொழிலை எழுதச் சொன்னால் பலர் 'கூலி' என்றே எழுதுகின்றனர். கைமடியா, ஓவர்லாக் தைப்பவரா, செக்கிங்கா என்று கேட்டால் நிமிர்ந்து பார்த்து விடை சொல்வர். தாயின் கைக்குத் தனித்த தொழிற்பெயர் உண்டு என்பது தெரிந்திருந்தும் ஏட்டில் எழுதத் தயங்குகின்றனர். 'வரைந்தாள்', 'செதுக்கினாள்' என்ற சொற்கள் விளிம்பில் விடுபட்டுப்போன கதையின் தொடர்ச்சியே இது என்று எனக்குத் தோன்றுகிறது.

நெசவாளரை வரைந்தவள்

நூற்றாண்டின் இறுதியில் இவ்வினாவுக்கு ஒரு விடை பெர்லின் நகரிலிருந்து வந்தது. கேத்தே கோல்விட்ஸ் 1867இல் பிறந்தவர். கணவர் கார்ல் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவர். 1844இல் சைலேசியாவில் கூலிக் குறைவால் வெடித்த நெசவாளர் எழுச்சியைப் பற்றி ஹாப்ட்மன் எழுதிய நாடகம் 1893இல் பெர்லினில் மேடையேறியது. அதைக் கண்ட கோல்விட்ஸ் தாம் செய்துகொண்டிருந்த வேறொரு படவரிசையைக் கைவிட்டார். நான்காண்டுகள் உழைத்து 'நெசவாளர் எழுச்சி' என்னும் ஆறு படங்களை ஆக்கினார். மூன்று கல்லச்சு, மூன்று அமில அரிப்பு.

முதல் படத்தில், தறி நிற்கும் இருண்ட அறையில் நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே தாய் தலையைப் பற்றிக்கொண்டு குனிந்திருக்கிறாள். நான்காவதில் ஊர்வலம், ஒரு பெண் உறங்கும் குழந்தையை முதுகில் சுமந்து ஆடவரோடு நடக்கிறாள். ஐந்தாவதில் முதலாளி மாளிகையின் வேலைப்பாடமைந்த இரும்புக் கதவின்முன் பெண்கள் தரைக்கற்களைப் பெயர்க்கின்றனர். கடைசியில் மீண்டும் அதே தறி அறை. இறந்தவர்களைக் கொணர்ந்து கிடத்துகின்றனர். 1898இல் பெர்லினின் பெருங்கண்காட்சியில் இவை வைக்கப்பட்டபோது, முதுபெரும் ஓவியர் மென்சல் இவற்றுக்குப் பதக்கம் வழங்கப் பரிந்துரைத்தார். பேரரசர் இரண்டாம் வில்லெம் மறுத்துவிட்டார்.

அரசர் தராத பதக்கத்தைவிட முதன்மையான செய்தி வேறொன்று. கோல்விட்ஸ் தம் உருவத்தையும் வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் வரைந்தார், செதுக்கினார், கல்லில் ஏற்றினார். 1893ஆம் ஆண்டையொட்டிய ஒரு செப்புத் தகட்டிலேயே மேசையருகே அமர்ந்த தம்மைப் பொறித்திருக்கிறார். பிறர் வரைந்து தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நெசவாளப் பெண்ணையும் தம்மையும் ஒரே கருவியால், ஒரே மதிப்போடு தகட்டில் கீறினார். பார்க்கப்படும் பெண்ணும் பார்க்கும் பெண்ணும் அங்கே ஒரே கையெழுத்தின்கீழ் வந்துவிட்டனர்.

நாம் செய்யக்கூடியது

கவிஞர்கள் நிறைந்த அவை இது. தறியையும் தையல் எந்திரத்தையும் பாடாதவர் நம்முள் அரியர். உழைக்கும் பெண்ணை உருவகமாக்குவது எளிது. குனிசடாவின் பட்டறை அழகியரைப்போல் அவள் வரிகளில் நன்றாகவே அமர்வாள். அவளுடைய தொழிலை, கருவியை, பெயரைச் சரியாகச் சொல்வது கடினம். அக்கடினத்தை நம் வட்டம் அடுத்த பத்தாண்டுக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள்.

இரண்டு செயல்களை முன்வைக்கிறேன். முதலாவது, நம் வட்டம் வெளியிடும் நூல்களின் உரிமைப் பக்கத்தில் ஆசிரியர், பதிப்பாளர் பெயர்களோடு அட்டைப்படம் வரைந்தவர், கணினியில் அச்சுக்கோத்தவர், மெய்ப்புத் திருத்தியவர், பாரம் மடித்துத் தைத்தவர் பெயர்களும் இடம்பெற வேண்டும். அவ்வேலைகளுள் பலவற்றைப் பெண்கள் செய்கின்றனர். ஒரு பக்கத்தில் நான்கு வரி கூடும். அச்சுச் செலவு கூடாது. இரண்டாவது, நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு பெண்தொழிலாளியிடம் அமர்ந்து, அவர் இசைவோடு, அவர் எந்த ஆண்டு வேலைக்கு வந்தார், எந்த எந்திரத்தில் எதைச் செய்தார், அதற்கு என்ன பெயர், யாரிடம் கற்றார் என்பவற்றை அவர் சொற்களிலேயே எழுதி வட்டத்திற்குத் தர வேண்டும்.

எலிசபெத் கோல்டின் உழைப்பை நாம் இன்று அறிவதற்கு ஒரு தாளின் ஓரத்தில் நின்ற ஓரெழுத்தும் ஒரு குடும்பப் பெயருமே தொடக்கமாயின. அவ்வளவு சிறிய சான்றுகூட இல்லாமல் நம் ஊரின் ஆயிரக்கணக்கான கைகள் நாளும் வேலை முடித்து வீடு திரும்புகின்றன. எழுத்தறிந்த நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருப்பது அந்த ஓர் அடிவரிதான்.